சடங்குக்கு மைக்செட்டு... நிற்கும்போது மட்டும் வாய்ப்பூட்டா?

கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறை, வருசநாடு பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் முகூர்த்த மாதத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் போதும். ரோட்டோரம் பிளெக்ஸ் பேனர்தான். "பூப்புனித நீராட்டு விழா" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நடுவில் பட்டுப்பாவாடையில் பதிமூன்று வயதுப் பிள்ளை, சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள். மைக்செட்டு விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். தட்டுத்தட்டாகச் சீர், மேளதாளம், கறி விருந்து, பேரும் ஊரும் சொல்லி மொய். ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் ஆரம்பித்துவிட்டது என்ற சேதியை ஊருக்குச் சொல்லி, பக்கத்து ஊருக்குச் சொல்லி, ரோட்டில் போகிற பஸ்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்குள்ளே உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. "இடுப்பு எலும்புக்கு பலம் வேணும்ல" என்று அப்பத்தா ஊட்டிவிடும்.

சரி. அதே பிள்ளைக்கு முப்பது, முப்பத்தைந்து வருஷம் கழித்து அது நிற்கிறது. அப்போது?

பேனர் வேண்டாம். மைக்செட்டு வேண்டாம். ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை?

கிடையாது. "நின்னுருச்சாடி?" "ம்ம், நின்னுருச்சு மதினி." "விட்டுச்சு தொல்லை." அவ்வளவுதான், முடிந்தது பேச்சு. உடம்புக்குள் நடக்கிற இவ்வளவு பெரிய மாற்றத்துக்குத் தமிழ்ச் சமூகம் ஒதுக்கியிருக்கும் நேரம் அரை நிமிஷம்!

அந்த அரை நிமிஷத்துக்கு எதிரானதுதான் இந்தக் கட்டுரை.

பஞ்சுக் கொட்டகையில் ஒரு மத்தியானம்

கடமலை-மயிலை ஒன்றியத்தில் இலவ மரம் நிறைய. கோடையில் இலவங்காய் உடைத்துப் பஞ்சு எடுக்கிற வேலை வரும். அந்தக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சு பறக்கும், அதனால் காற்றாடி போட முடியாது. மூக்கில் ஏறாமல் முந்தானையை முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். வேர்த்த கையிலும் கழுத்திலும் பஞ்சு ஒட்டும்.

அங்கே உட்கார்ந்திருக்கும் நாற்பத்தாறு வயது அம்மாவுக்குத் திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பும். கழுத்து, முகம், காது என்று ஏறும். குப்பென்று வேர்த்து ஜாக்கெட் நனையும். மூன்று நாலு நிமிஷத்தில் அடங்கிக் குளிரும். ராத்திரியிலும் இதே கதை, எழுந்து உட்கார்ந்துவிட வேண்டியது. தூக்கம் போகும். தூக்கம் போனால் கோபம் வரும். படபடப்பு, மறதி, மூட்டுவலி, நீர்க்கடுப்பு, கணவனோடு சேர்ந்தால் எரிச்சல். இத்தனையும் ஒரே காரணத்தால் வருகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அவரிடம் சொல்லப்படுவது என்ன?

"உடம்பு சூடு, வெந்தயம் தின்னு." "நீர்க்கடுப்புக்கு இளநீ குடி." "என்னமோ பிடிச்சிருக்கு, கோடாங்கிகிட்ட கேப்போம்." மருந்துக் கடைக்குப் போனால் கால்சியம் மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைக்கும். வீட்டில் மகன் சொல்வது: "இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு, எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழுது."

(ஹாஸ்டலில் இருந்துகொண்டு போனில் இதையே சொல்லும் மாணவ மணிகள் கொஞ்சம் யோசிக்கவும்.)

காரணம் இதுதான். சினைப்பை வயதாகி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. அந்த ஹார்மோன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்வதல்ல. உடம்பின் வெப்பத்தைச் சரிபார்க்கிற மூளைப் பகுதி, எலும்பு, தோல், சிறுநீர்ப் பாதை, தூக்கம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதற்கு மெனோபாஸ் என்று பெயர். மேற்கு நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருவது, இந்தியப் பெண்களுக்கு 46, 47-லேயே வந்துவிடுகிறது என்று இங்கே நடந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. எழுபது வயதைத் தாண்டி வாழ்கிற பெண்ணுக்கு இது முடிவல்ல. ஆயுளின் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் பிறகுதான் இருக்கிறது!

இரண்டே பதில்கள்

அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் பதில்கள் இரண்டு.

முதல் பதில்: "பொறுத்துக்கோ." இயற்கைதானே, எல்லாப் பொம்பளைக்கும் வருவதுதானே.

இரண்டாவது பதில்: "பையை எடுத்துடு." மெனோபாஸ் வருவதற்கு முன் சில வருஷம் மாதவிடாய் கன்னாபின்னாவென்று வரும். ஒரு மாதம் வராது, அடுத்த மாதம் பெரும்பாடாகப் போகும். வேலைக்குப் போக முடியாது, கூலி போகும். அந்த நேரத்தில் யாராவது "பிள்ளைதான் பெத்தாச்சே, இனிமே பை எதுக்கு?" என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும்.

இந்தியா முழுக்க எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2015-16-ல் கர்ப்பப்பை அகற்றியதைப் பற்றி முதல்முறையாகக் கேட்டார்கள். 15-லிருந்து 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.2 சதவீதம் பேருக்குப் பை இல்லை. அதை எடுத்தபோது அவர்களுடைய இடைநிலை வயது என்ன தெரியுமா? 34! பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கும் வலியும். மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன் நடந்தது தனியார் மருத்துவமனைகளில்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் கதை 2019-ல் நாடு முழுக்கத் தெரிந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் லீவு போட்டாலும் கூலிப் பிடித்தம். மாதவிடாய் தொல்லையே வேண்டாம் என்று பையை எடுத்துக்கொண்டார்கள். அரசுக் குழு விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பை இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாத ஆபரேஷன்கள் நடப்பதாக ஒரு மருத்துவர் போட்ட பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் கொண்டுவந்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

கர்ப்பப்பை என்ன குடல்வாலா, சும்மா வெட்டிப் போடுவதற்கு? கூடவே இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மெனோபாஸ் அன்றைக்கே, ஆபரேஷன் மேஜையிலேயே வந்துவிடும். இயற்கையாக நாலைந்து வருஷத்தில் படிப்படியாகக் குறைய வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் பூஜ்யம். அனலும் வேர்வையும் தூக்கமின்மையும் பல மடங்கு. எலும்பு தேய ஆரம்பிக்கும் காலமும் பத்து, பதினைந்து வருஷம் முன்னால் நகர்ந்துவிடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் கொஞ்சம் சீக்கிரமே வரக்கூடும்.

எடுக்கச் சொல்ல ஆள் இருக்கிறது. எடுத்த பிறகு என்ன ஆகும், அதற்கு என்ன மருந்து என்று சொல்ல ஆள் இருக்கிறதா?

சொல்லாமல் விட்ட மூன்றாவது பதில்

குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது. இதுதான் ஹார்மோன் சிகிச்சை. பல வருஷமாக மாத்திரையாகவே கொடுத்தார்கள். பிறகு ஜெல்லாகவும் பேட்ச்சாகவும் வந்தது. ஜெல் என்றால் தோலில் பூசிக்கொள்வது. பேட்ச் என்றால் பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கொள்வது. தோல் வழியாக ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும்.

மாத்திரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாத்திரை வயிற்றுக்குப் போய், முதலில் கல்லீரலைக் கடக்க வேண்டும். அப்போது ரத்தம் உறைய வைக்கும் பொருட்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து ஏறுகிறது. தோல் வழியாகப் போவது கல்லீரலை முதலில் தொடுவதில்லை. பிரிட்டனில் பெரிய அளவில் நடந்து 2019-ல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வு, மாத்திரையில் தெரிந்த ரத்தக்கட்டி ஆபத்து ஜெல்லிலும் பேட்ச்சிலும் தெரியவில்லை என்றது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு, பிரஷர் உள்ளவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

"ஐயோ, ஹார்மோனா? கேன்சர் வரும்!"

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, அதில் மருந்துக் கம்பெனிகள் நல்லவர்களும் இல்லை.

1942-ல் அமெரிக்காவில் பிரிமரின் என்ற மாத்திரை வந்தது. கர்ப்பமான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன். 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், ஹார்மோன் சாப்பிட்டால் பெண் என்றைக்கும் பெண்ணாகவே இருக்கலாம் என்ற பாணியில். பெண் என்றால் கணவன் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டிய பொருள் என்கிற திமிர்தான் அதில் இருந்தது. அவருக்கு மருந்துக் கம்பெனிப் பணம் போனது பிறகு வெளியே வந்தது. மாத்திரை கோடிக்கணக்கில் விற்றது. 1975-ல், ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்வரிச் சுவரில் புற்றுநோய் வருகிறது என்று தெரிந்தது. அன்றிலிருந்து பை உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று.

அடுத்த அடி 2002 ஜூலையில். அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஒரு பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம் கூடுகிறது என்று தலைப்புச் செய்தி. உலகம் முழுக்கப் பெண்கள் மருந்தைக் குப்பையில் போட்டார்கள்.

தலைப்புச் செய்தியில் வராதவை என்ன? அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அதாவது மெனோபாஸ் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பலரும் அதில் இருந்தார்கள். கொடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரை. ஜெல்லும் இல்லை, பேட்ச்சும் இல்லை. மார்பகப் புற்றில் கூடியது, பத்தாயிரம் பெண்கள் ஒரு வருஷம் சாப்பிட்டால் 8 பேருக்குக் கூடுதலாக என்ற கணக்கு. அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு பத்தாயிரத்துக்கு 5 குறைந்தது. பை இல்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பகுதியில் மார்பகப் புற்று கூடவே இல்லை.

இதற்காக "ஜெல் என்றால் பயமே இல்லை" என்று கிளம்புவதும் பொய்தான். 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, 50 வயதில் தொடங்கி ஐந்து வருஷம் ஈஸ்ட்ரோஜனும் தினசரிப் புரோஜெஸ்டிரோனும் எடுப்பவர்களில், அடுத்த இருபது வருஷத்தில் சுமார் 50 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மார்பகப் புற்று கூடும் என்றது. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜனுக்கும் அதில் விலக்கு இல்லை. மார்பகப் புற்று வந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் நினைக்கவே கூடாது.

மறுபக்கம், 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற, வேறு தடை இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. நாற்பது, நாற்பத்தைந்துக்கு முன்பே நின்றுபோனவர்களுக்கு, தடை இல்லாவிட்டால் ஐம்பது வயதுவாக்கில் வரையாவது கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த மருந்துகளின் மேல் 2003 முதல் ஒட்டிவைத்திருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 நவம்பரில் அறிவித்தது.

இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 34 வயதில் பையையும் சினைப்பையையும் இழந்த பெண்ணுக்குத்தான் இந்த மருந்து மிக அவசியம். பை இல்லாததால் பெரும்பாலும் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதாவது யாருக்குத் தேவை அதிகமோ, யாருக்குச் சிகிச்சை சுலபமோ, அவருக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என்ன கொடுமை இது!

பழகிக்கொள்வதும் ஒரு வேலைதான்

ஜெல் டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டு, குளியலறையும் ஏசியும் உள்ள வீட்டுக்காக எழுதியது. மயிலாடும்பாறையில் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு யார் விளக்குவது? டாக்டர் சீட்டு எழுதியதோடு வேலை முடியாது என்பதற்கு இதோ சில உதாரணங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு. எண்ணெய்ப் பசை உள்ள தோலில் பேட்ச் ஒட்டாது. சீயக்காய் போட்டுக் குளித்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மஞ்சள் பூசிய இடத்திலும் வேண்டாம். இடுப்புக்குக் கீழே, அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்டச் சொல்வார்கள். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் ஒட்டினால் உரசி உரிந்துவிடும். பெரும்பாலான பேட்ச்களை வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உரித்த இடத்தில் பிசின் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும். மார்பில் மட்டும் ஒட்டவும் கூடாது, ஜெல் பூசவும் கூடாது.

வேர்வையில் பேட்ச் நிற்கவில்லை என்றால் ஜெல். தினமும் ஒரே நேரத்தில், குளித்துத் துடைத்த பிறகு, தொடையின் உள்பக்கமோ மேல்கையிலோ மெலிதாகப் பூசி, ஐந்து நிமிஷம் காயவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது அங்கே தண்ணீர் படக்கூடாது. காலை நேரம் காட்டுக்கு ஓடுகிற அவசரம் என்றால் ராத்திரி பூசிக்கொள்ளலாம். பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முக்கியமானது, பூசிய கையில் பேரப்பிள்ளையைத் தூக்கி வைக்கக்கூடாது. குழந்தையின் தோலில் ஒட்டினால் அந்த ஹார்மோன் குழந்தைக்கும் போகும். இடுப்பில் பேத்தியோடே திரியும் அம்மாச்சிக்குத் தொடைதான் நல்ல இடம்.

முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். மார்பில் கனம், தலைவலி, குமட்டல், அங்கங்கே தீட்டுப் படுதல் வரலாம். பெரும்பாலும் அடங்கிவிடும். அளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். பை உள்ளவர்கள் "ராத்திரி மாத்திரை எதுக்கு, ஜெல்லே போதும்" என்று புரோஜெஸ்டிரோனை விட்டுவிடக்கூடாது. கர்ப்பப்பையைக் காக்கிறது அதுதான். ஆறு மாதத்துக்குப் பிறகும் உதிரம் பட்டாலோ, நின்றது மறுபடி வந்தாலோ உடனே காட்ட வேண்டும். மருந்தே எடுக்காதவர்களுக்கும் இது பொருந்தும். நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் அது அலட்சியம் செய்யக்கூடாத அறிகுறி.

இதெல்லாம் ராக்கெட் சயின்ஸா? ஒரு நர்சம்மா கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னால் யாருக்கும் புரியும். அந்தக் கால் மணி நேரம்தான் இல்லை.

எதிர்வாதக் கனவான்களுக்கு

"எங்க பாட்டியெல்லாம் ஹார்மோனா பூசிச்சு? தாங்கிக்கலையா?"

தாங்கிக்கொண்டார்கள்தான். பாட்டி வீட்டிலேயே பிரசவம் பார்த்தார். அந்தக் காலத்தில் பிரசவத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று பாட்டியையே கேளுங்கள். தாங்கியதற்குச் சாட்சியாக நிற்கும் பாட்டியின் முதுகு ஏன் வளைந்தது, குளியலறையில் வழுக்கியதும் இடுப்பு ஏன் முறிந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"இயற்கையில் கைவைக்கலாமா?"

கண்ணில் புரை விழுவதும் இயற்கைதான். மதுரைக்கு வேன் வைத்து அழைத்துப்போய் லென்ஸ் வைக்கிறார்களே, அப்போது இயற்கை எங்கே போனது? ஆணுக்குச் சர்க்கரை ஏறினால் மருந்து, பெண்ணுக்கு ஹார்மோன் இறங்கினால் தத்துவமா?

"உளுந்தும் சோயாவும் போதும்."

நல்ல சாப்பாடுதான், சாப்பிடட்டும். ஆனால் ராத்திரிக்கு நாலு தடவை நனைந்து எழுகிறவருக்கு ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு அது வேலை செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உளுந்தங்களி சடங்கோடு நின்றுபோனதுதான் இங்கே பிரச்னையே.

"கம்பெனிக்காரன் வியாபாரம்."

சந்தேகப்பட வேண்டியதுதான், வில்சன் கதையே போதும். அதற்காக மருந்தையே மறைத்துவைப்பது பரிகாரம் ஆகாது. பணமுள்ள வீட்டு அம்மா சென்னையில் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மறைப்பு யாருக்கு? மயிலாடும்பாறைக்குத்தான்.

"சாப்பாட்டுக்கே கஷ்டம், இவங்களுக்கு ஜெல் கேக்குதா?"

இதுதான் கேள்விகளிலேயே அசிங்கமானது. தூங்காமல் காட்டு வேலைக்குப் போகிறவர் கூலியை இழக்கிறார். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிற பெண்களில் எத்தனை பேர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள்? உடம்பையே மூலதனமாக வைத்திருப்பவருக்கு உடம்பைப் பற்றிய மருந்து ஆடம்பரம், ஏசி அறையில் வேலை செய்பவருக்கு அவசியம் என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெண்களும் ஜெல் பூசியே ஆக வேண்டும் என்பது இங்கே வாதம் அல்ல. பலருக்குத் தொல்லை லேசாகவே இருக்கும், மருந்து தேவைப்படாது. சிலருக்குக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகள் உண்டு. வேண்டாம் என்று சொல்வதும் உரிமைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல, முதலில் யாராவது "வேணுமா?" என்று கேட்க வேண்டும்!

என்ன செய்யலாம்?

புதுக் கட்டடம் வேண்டாம். இருப்பதை வைத்தே செய்யலாம்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய்த் திட்டம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். பிள்ளை பெறப்போகும் உடம்புக்கும், பெற்றுக்கொண்டிருக்கும் உடம்புக்கும் திட்டம் உண்டு. பெற்று முடித்த உடம்புக்கு? கறவை நின்ற மாட்டுக்குப் புல் குறைகிற கதைதான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. கொண்டுபோனவர்கள் பெண் தன்னார்வலர்கள், அதே ஊர்க்காரர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரியின் வாசலில் நிற்கும் அந்தப் பெண், பிரஷர் கருவியைக் கட்டும்போதே நாலு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? "நின்னுருச்சாக்கா? ராத்திரி வேர்க்குதா? தூங்குறீங்களா? பை இருக்கா, எடுத்தாச்சா?" ஒரு நோட்டில் நாலு கட்டம். பிரஷர் அளந்தாகிவிட்டதே, ஹார்மோன் ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று அங்கேயே முடிந்தது.

அடுத்தபடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு மத்தியானம். அதற்கும் மேலே க.விலக்கில் 2004 முதல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜெல் ஆரம்பிக்க வேண்டியவர்களை அங்கே பார்த்து, மூன்றாவது மாதப் பரிசோதனையை ஊர்ப் பக்கமே வைத்துக்கொள்ளலாம். அரசு மருந்தகத்தில் ஜெல் இருக்க வேண்டும். கர்ப்பப்பை எடுக்கச் சொல்லும் எந்த டாக்டரும், சினைப்பையை எடுக்கப் போகிறாரா, எடுத்தால் ஹார்மோன் தருவாரா என்று எழுதித் தர வேண்டும். இங்கிலாந்தில் 2022-ல் ஜெல் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் போட்ட சத்தத்தில் அரசாங்கம் அதற்கென்றே ஒரு பொறுப்பாளரைப் போட்டது. 2023 ஏப்ரலில் வருஷத்துக்கு ஒரே சிறு கட்டணம் என்றும் ஆக்கியது. கேட்டதால் கிடைத்தது. இங்கே கேட்பதற்கு வார்த்தையே சொல்லித் தரவில்லையே!

கடைசியாக, பிளெக்ஸ் பேனரில் கூலிங் கிளாஸோடு நின்ற தாய்மாமன்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்குச் சீர் சுமந்து வந்தீர்கள். மைக்செட்டில் பேர் சொல்லி மொய் எழுதினீர்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தாறு. ராத்திரி தூக்கமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார். தட்டு வேண்டாம், மேளம் வேண்டாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, க.விலக்கு வரை பஸ்ஸில் கூட்டிப்போய், டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்து, "என் அக்கா மகளுக்கு என்ன செய்யுதுன்னு கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்தச் சீருக்கு மொய் நோட்டில் இடம் இல்லை. ஆனால் அந்த அம்மா மறக்கவே மாட்டார்.